கால் எட்டுதா? ஜெர்மனியில் லாங் ரைடுக்கு ஒரு பைக் தேடிய கதை

பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.

போன எபிசோடுக்குப் பிறகு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "அண்ணா, நான் இங்க வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு. ஆல்ப்ஸ் பக்கம் லாங் ரைடு போகணும். எந்த பைக் வாங்கலாம்?" சிலர் மூணு வண்டி பேரை எழுதி, இதுல ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க. மூணுமே 1000 சிசிக்கு மேல.

நான் வண்டி பேர் சொல்றதுக்கு முன்னாடி என் கதையைச் சொல்லிடுறேன். ஏன்னா உங்க கேள்வியை அப்படியே நானும் கேட்டிருக்கேன். அதுக்குத் தப்பான பதிலை நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். அந்தப் பதிலுக்கு ஒரு கணுக்கால் எலும்பும் ஏறக்குறைய இரண்டாயிரம் யூரோவும் செலவாச்சு.

எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். காலேஜ் படிக்கும்போதே ஏலகிரி, ஏற்காடு, ஒகேனக்கல்னு சுத்தின ஆள். பத்து வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன், பெருசா விழுந்ததே இல்லைங்கிற திமிரு உண்டு. 2018-இல் வேலைக்காக ஸ்டுட்கார்ட் வந்தேன். முதல் ஆறு மாசம் நம்ம ஊர் லைசென்ஸை வெச்சே இங்க ஓட்டலாம். அந்த ஆறு மாசம் வீடு தேடுறதுலயும் பதிவு அலுவலக வரிசையிலயும் போயிடுச்சு.

அதுக்கப்புறம் நம்ம லைசென்ஸ் இங்க செல்லாது. சில நாட்டுக்காரங்க தேர்வு எழுதாமலே மாத்திக்கலாம். அந்தப் பட்டியல்ல இந்தியா இல்லை. அதனால கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு, எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு எல்லாம் உண்டு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதலாம், அந்த வரைக்கும் நிம்மதி. கார் லைசென்ஸும் பைக் லைசென்ஸும் வேற வேற. பைக்ல மட்டும் பல படி இருக்கு. 125 சிசி, 11 கிலோவாட் வரைக்கும் ஏ1. 35 கிலோவாட், அதாவது சுமார் 48 குதிரைத்திறன் வரைக்கும் ஏ2. அதுக்கு மேல ஏ. 24 வயசு ஆயிடுச்சுன்னா நேரா ஏ எழுதலாம். உங்கள்ல பல பேர் இந்த வயசைத் தாண்டினவங்கதான். அதனால சட்டப்படி எவ்வளவு பெரிய வண்டியையும் முதல் நாளே வாங்கலாம். சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது.

டிரைவிங் ஸ்கூல்ல முதல் நாள், ஹெல்மெட்டுக்குள்ள ஸ்பீக்கர் வெச்சு, பின்னாடி கார்ல வந்துக்கிட்டே ஆசிரியர் பேசுவார். பத்து நிமிஷத்துல என்னை ஓரங்கட்டச் சொல்லி, "உங்க கட்டைவிரல் ஏன் எப்பவும் ஹார்ன் மேலயே இருக்கு?"னு கேட்டார். பதில் சொல்லத் தெரியலை. நம்ம ஊர்ல ஹார்ன்தானே கண்ணாடி, இண்டிகேட்டர், பிரேக் எல்லாம். இங்க தோளுக்கு மேல கழுத்தைத் திருப்பிப் பார்க்காம பாதை மாறினா தேர்வுல ஃபெயில். 50 கிலோமீட்டர் வேகத்துல வந்து அவசர பிரேக் பிடிக்கணும். நடக்கிற வேகத்துல கூம்புகளுக்கு நடுவுல வளைஞ்சு போகணும். வேகமா போறது எனக்குப் பிரச்சினையே இல்லை. மெதுவா போறதுலதான் மூணு தடவை கால் ஊன்றினேன். அதை அப்பவே குறிச்சு வெச்சிருக்கணும். வெச்சுக்கலை.

2021-இல் லைசென்ஸ் கிடைச்சது. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் யூடியூப்லதான் குடியிருந்தேன். எல்லா வீடியோவிலும் ஒரே மாதிரி ஒரு பைக். உயரமா, ரெண்டு பக்கமும் அலுமினியப் பெட்டியோட, பின்னாடி பனிமலை. அதை ஓட்டுறவர் ஆறடி ஒரு அங்குலம். நான் ஐந்தடி ஐந்தங்குலம், 64 கிலோ. இந்தக் கணக்கை மட்டும் போடாம 2022 மார்ச்சுல 9,200 யூரோவுக்கு ஒரு 1200 சிசி செகண்ட் ஹேண்ட் வண்டியை எடுத்தேன். கம்பெனி பேர் வேண்டாம், வண்டி மேல ஒரு குறையும் இல்லை. நல்ல வண்டி. எனக்கான வண்டி இல்லை, அவ்வளவுதான். பெட்ரோல் நிரப்பினா 250 கிலோ. சீட் உயரம் 85 சென்டிமீட்டர். உட்கார்ந்தா ஒரு கால் விரல்நுனி மட்டும் தரையைத் தொடும். "ஓட ஆரம்பிச்சா வெயிட்டே தெரியாது"ன்னு விக்கிறவர் சொன்னார். உண்மைதான். ஓடும்போது தெரியாதுதான். ஆனா எல்லா வண்டியும் எங்கயாவது நிக்கணும்ல.

ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கருங்காடுன்னு சொல்ற ஷ்வார்ஸ்வால்ட் மலைத்தொடர் மேல பாடன்-பாடன்ல இருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரைக்கும் ஒரு சாலை போகுது. பி500-ன்னு சொல்வாங்க. நடுவுல ஆயிரம் மீட்டர் உயரத்துல மும்மல்சேன்னு ஒரு குட்டி ஏரி. அங்கதான் எல்லா ரைடர்களும் காபிக்கு நிறுத்துவாங்க. நானும் திரும்பினேன். கொஞ்சம் சரிவான பார்க்கிங். குளிர்காலத்துல வழுக்காம இருக்க இங்க ரோட்டுல பொடிக்கல் தூவுவாங்க. வசந்தத்துல அது ஓரங்கள்ல அப்படியே கிடக்கும். நடக்கிற வேகத்துல இடது பக்கம் திரும்பி, பிரேக் பிடிச்சு, காலை வெச்சேன். கால் வெச்ச இடம் மூணு அங்குலம் பள்ளம். பொடிக்கல் சறுக்கிடுச்சு. 250 கிலோவும் இடது பக்கம் சாய்ஞ்சுது. ஒரு அளவுக்கு மேல சாய்ஞ்சா யாராலும் பிடிக்க முடியாதுங்க. நான் பிடிக்கப் பார்த்தேன், அது அடுத்த தப்பு. வண்டியோட சேர்ந்து நானும் போனேன். கால் அடியில.

வேகம் பூஜ்யம். எதிர்ல வண்டி இல்லை, மழை இல்லை. காபி குடிச்சுக்கிட்டிருந்த முப்பது பேர் முன்னாடி நின்ன இடத்துல விழுந்தேன்.

ஓடி வந்து வண்டியைத் தூக்கினது ஒரு வயசான ஜோடி. ரெண்டு பேருக்கும் எழுபது வயசு இருக்கும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அந்த அம்மா என் தலைக்கு அடியில அவங்க ஜாக்கெட்டை வெச்சாங்க. அவர் என் காலைப் பார்த்துட்டு முதல்ல கேட்டது, "ஏன் ஸ்னீக்கர்ஸ் போட்டிருக்க?" 9,200 யூரோவுக்கு வண்டி வாங்கினவன் 180 யூரோ பூட்ஸை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு தள்ளி வெச்சிருந்தேன். அவரோட வண்டி பக்கத்துலயே நின்னுச்சு. ஒரு 500 சிசி. அதுல நார்வேயோட வடக்குக் கோடியில இருக்கிற நார்ட்காப் வரைக்கும் போயிட்டு வந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். முன்னாடி பெரிய வண்டி வெச்சிருந்தாராம். தனியா கீழ விழுந்தா தனியா தூக்க முடியணும், அதான் மாத்திட்டேன்னு சொன்னார்.

கணுக்கால்ல எலும்பு முறிவு. தகடு வெச்சாங்க. இங்க உடம்பு சரியில்லைன்னா முதல் ஆறு வாரம் கம்பெனியே முழுச் சம்பளம் கொடுக்கணும், ஆஸ்பத்திரிச் செலவை இன்சூரன்ஸ் பார்த்துக்கும். அதனால காசுக்குக் கஷ்டப்படலை. ஆனா ராத்திரி தூக்கம் வராது. ஆறு வாரத்துக்கு மேல இழுத்தா என்ன ஆகும், வேலை போனா விசா என்ன ஆகும்னு ஓடிக்கிட்டே இருக்கும். எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தண்ணி பாட்டில் கேஸ், அரிசி மூட்டை எல்லாத்தையும் என் மனைவி ஒத்தையா தூக்கிட்டு ஏறினா. வேலைக்கும் போகணும், என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டும் போகணும். ஊர்ல இருந்தா சித்தப்பா ஒருத்தர், மச்சான் ஒருத்தர்னு வாசல்ல நாலு பேர் நிப்பாங்க. இங்க நாங்க ரெண்டு பேர்தான். அதுல ஒருத்தன் படுத்துட்டான்.

அம்மாகிட்ட சொல்லலை. தினமும் வீடியோ காலை நெஞ்சுக்கு மேல தெரியற மாதிரி வெச்சுப் பேசினேன். வண்டி வாங்கினதே அவங்களுக்குத் தெரியாது.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். அந்த ஆறு வாரத்துல நான் மறுபடியும் யூடியூப் பார்க்கலை. ஒரு நோட்டு எடுத்து, வண்டி பேரே எழுதாம, என்னைப் பத்தி மட்டும் எழுதினேன். அதைத்தான் இன்னிக்கு உங்களுக்குக் கொடுக்கப் போறேன்.

முதல் கேள்வி: உங்க கால் எவ்வளவு நீளம்? உயரம் இல்லை, கால். சாக்ஸோட சுவத்துல ஒட்டி நின்னு, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் காலுக்கு நடுவுல மேல வரைக்கும் தூக்கிப் பிடிச்சு, அதோட மேல் விளிம்புல இருந்து தரை வரைக்கும் அளந்து பாருங்க. எனக்கு 76 சென்டிமீட்டர். பூட்ஸ் போட்டா இன்னும் ரெண்டு மூணு சேரும். சீட் உயரம் 85-ன்னு போட்டிருந்தா எனக்கு விரல்நுனிதான். ஆனா அந்த எண்ணை மட்டும் நம்பாதீங்க. சீட் அகலமா இருந்தா கால் விரிஞ்சு போய் எட்டாது. ஒல்லியான சீட்னா அதே உயரத்துல நல்லா எட்டும். நீங்க உட்கார்ந்தா சஸ்பென்ஷன் கொஞ்சம் இறங்கும், அதுவும் வண்டிக்கு வண்டி மாறும். அதனால கடைக்குப் போய் நீங்க ஓட்டப்போற பூட்ஸோட உட்கார்ந்து பார்க்கணும். ரெண்டு பாதத்தோட முன்பாதியும் தரையில படணும். அனுபவம் இருக்கிறவங்க விரல்நுனியிலயும் ஓட்டுவாங்க. முதல் பெரிய வண்டிக்கு அது வேண்டாம்.

"வண்டியைத் தாழ்த்திக்கலாமே"ன்னு கேப்பீங்க. தாழ்வான சீட் வாங்கிப் போடலாம். சஸ்பென்ஷனையே தாழ்த்தினா தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி குறையும், வளைவுல சாயுற அளவும் குறையும். இன்னொண்ணு, இது நம்ம ஊர் இல்லை. சைலன்சர், ஹேண்டில்பார், சஸ்பென்ஷன் எதை மாத்தினாலும் அந்தப் பாகத்துக்கு அங்கீகாரச் சான்று இருக்கணும். சிலதைச் சோதிச்சு வண்டி பேப்பர்லயே பதியணும். இல்லைன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற தொழில்நுட்பச் சோதனையில நிக்கும். இன்சூரன்ஸும் சிக்கலாகும்.

ரெண்டாவது கேள்வி: கனம். அந்தப் பெரியவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டேன். தனியா தூக்க முடியுமா? தூக்குறதுக்கு ஒரு முறை இருக்கு. முதுகை சீட் பக்கம் திருப்பி, ஒரு கையால ஹேண்டில், இன்னொரு கையால பின்னாடி கம்பி, காலால தள்ளிப் பின்னாடி அடி எடுத்து வெச்சுத் தூக்கணும். தரைப்பக்கம் குனிஞ்சு தூக்கினா முதுகு போயிடும். ஆனா முறை தெரிஞ்சாலும் ஒரு எல்லை இருக்கு. எனக்கு அது 215 கிலோ பக்கம். கனம் எங்க இருக்குங்கிறதும் முக்கியம். டேங்க் உச்சியில 20 லிட்டர் நிரப்பின வண்டியும், கனம் எல்லாம் கீழ இருக்கிற வண்டியும் ஒரே எடைன்னாலும் நிறுத்தும்போது வேற வேற மாதிரி நடந்துக்கும்.

மூணாவது: நிஜமா எங்க போகப் போறீங்க? கனவுல எல்லாரும் மங்கோலியா போறோம். என் காலண்டர்ல இருந்தது வருஷத்துக்கு 30 நாள் லீவு, அதுல நாலு வாரம் ஊருக்கு. மிச்சம் வார இறுதிகள், ஒரு வாரப் பயணம் ஒண்ணு. எல்லாமே தார் ரோடு. அப்ப மண்பாதைக்கான உயரமான சஸ்பென்ஷனும் 21 அங்குல முன்சக்கரமும் எனக்கு எதுக்கு?

அதே சமயம் ஆட்டோபான் உண்டு. மலைக்குப் போகணும்னா முதல் 200 கிலோமீட்டர் அதுலதான். வேக வரம்பு இல்லாத இடங்கள்லயும் பரிந்துரைக்கிற வேகம் 130. வலது ஓரத்துல லாரிகளுக்கு 80. நடுவுல, இடப்பக்கம் 180-ல வர்ற கார்கள். 24 குதிரைத்திறன் வண்டியில லாரிக்குப் பின்னாடியே மாட்டிக்கிட்டு, தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடிக்கணும். தனி ஆளா, சின்ன ரோடுகள்ல மட்டும் போறவருக்கு அந்த வண்டி போதும், சந்தோஷமாவும் இருக்கும். ரெண்டு பேர், பெட்டி, ஆட்டோபான்னா 45-ல இருந்து 70 குதிரைத்திறன் வேணும்னு நான் முடிவு பண்ணேன். அதுக்கு மேல வேணும்னு எனக்கு ஒரு நாளும் தோணலை.

நாலாவது: சுமை. இதை யாருமே பார்க்கிறதில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடைன்னு ஒண்ணு இருக்கு. அதுல இருந்து பெட்ரோல் நிரப்பின வண்டியோட எடையைக் கழிங்க. உதாரணத்துக்கு மொத்தம் 395, வண்டி 215-ன்னா மிச்சம் 180 கிலோ. எங்க கணக்கு: நான் 64, மனைவி 57, ரெண்டு பேரோட ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் சேர்த்து 18. ஆக 139. மிச்சம் 41 கிலோ. அதுல பெட்டிகளும் அதைத் தாங்குற கம்பிகளுமே 15 கிலோ தின்னுடும். நல்லா பாருங்க, வண்டி பெருசானா தாங்குற சுமையும் பெருசாகும்னு அர்த்தமில்லை. சில பெரிய வண்டிகள்ல இந்த மிச்சம் குறைச்சலாவும் இருக்கும்.

அஞ்சாவது: சத்தம். ஆஸ்திரியாவோட டிரோல் மாநிலத்துல ராய்ட்டன்னு ஒரு மாவட்டம். நாம தெற்கே போற வழியே அதுதான். அங்க 2020-ல இருந்து கோடை மாசங்கள்ல, நிக்கும்போது அளந்த சத்தம் 95 டெசிபலுக்கு மேல பதிவான பைக்குகளைச் சில சாலைகள்ல விடுறதில்லை. சைலன்சரை மாத்தினாலும் தப்பிக்க முடியாது, பேப்பர்ல பதிஞ்ச எண்தான் கணக்கு. அந்த எண் உங்க பதிவுச் சான்றிதழ்ல யூ.1-ங்கிற கட்டத்துல இருக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது முதல்ல அதைப் பாருங்க. மலைக்குப் போகணும்னு வாங்கின வண்டி மலைக்கே போக முடியாம நின்னா எப்படி இருக்கும்?

ஆறாவது: வருஷச் செலவு. வரி 25 சிசிக்கு 1.84 யூரோ. 1200 சிசிக்கு வருஷம் 88 யூரோ, 750-க்கு 55 சொச்சம். இது பெரிய விஷயமில்லை. இன்சூரன்ஸ்தான் விஷயம். மூணாம் நபருக்கான இன்சூரன்ஸ் கட்டாயம். திருட்டு, தீ, ஆலங்கட்டி மழைக்கு அடுத்த படி. நீங்களே கீழ போட்ட வண்டிக்குக் காசு வேணும்னா முழுக் காப்பீடு எடுத்திருக்கணும். நான் எடுக்கலை. உடைஞ்ச பெட்டி, லிவர், இண்டிகேட்டர் எல்லாம் என் பையில இருந்து. அப்புறம் அந்த வண்டியை 7,900-க்கு வித்தேன். ஆரம்பத்துல சொன்ன இரண்டாயிரம் யூரோ எங்க போச்சுன்னு இப்ப தெரிஞ்சிருக்கும்.

இங்க சீசன் நம்பர் பிளேட்டுன்னு ஒண்ணு உண்டு. மார்ச்ல இருந்து அக்டோபர் வரைக்கும் மட்டும்னு பதியலாம். வரி, இன்சூரன்ஸ் அந்த மாசங்களுக்கு மட்டும்தான். ஆனா சீசன் முடிஞ்சா வண்டியைப் பொதுத் தெருவுல நிறுத்தக் கூடாது. ஃபிளாட்ல இருக்கிறவங்க வண்டி வாங்குறதுக்கு முன்னாடி நவம்பர்ல அது எங்க தூங்கப் போகுதுன்னு முடிவு பண்ணிடுங்க. நான் ரெண்டு தெரு தள்ளி ஒருத்தர் கராஜ்ல மூலை ஒண்ணை வாடகைக்கு எடுத்திருக்கேன்.

இந்த ஆறு பதிலையும் எழுதி முடிச்சப்ப ஐநூறு வண்டி இருந்த உலகம் ஆறு வண்டியா சுருங்கிடுச்சு. காலும் சரியாச்சு. 2023 பிப்ரவரியில கடை கடையா ஏறி உட்கார்ந்தேன்.

ஒரு ஷோரூம்ல பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் நின்னுச்சு. அதை அப்ப எங்க செஞ்சாங்க தெரியுமா? ஓசூர்ல. டிவிஎஸ் தொழிற்சாலையில செஞ்சு கப்பல்ல ஏத்தி ஜெர்மன் கடைக்கே வந்துச்சு. எங்க வீட்டுல இருந்து ஐம்பது கிலோமீட்டர். பஸ்ஸுல அந்த வழியா எத்தனை தடவை போயிருப்பேன். விற்பனையாளர்கிட்ட சொன்னேன், அவரும் சிரிச்சுக்கிட்டே, அப்ப இது உங்களுக்காகவே வந்திருக்குன்னார். ஒரு நிமிஷம் கையெழுத்து போட்டுடலாம்னு ஆயிடுச்சு. லேசான வண்டி, 175 கிலோ. நோட்டை எடுத்துப் பார்த்தேன். 34 குதிரைத்திறன், ஒரு சிலிண்டர், சீட் 83.5. தனியா இருந்தா வாங்கியிருப்பேன். பின்னாடி மனைவி, ரெண்டு பெட்டி, ஆட்டோபான்ல நாலு மணி நேரம்னு யோசிச்சா பொருந்தலை. ஊர்ப்பாசத்துல வாங்கினா அதுவும் யூடியூப் பார்த்து வாங்கின மாதிரிதான்னு வெளிய வந்துட்டேன். மனசு கொஞ்சம் கனமாத்தான் இருந்தது.

கடைசியா எடுத்தது ஹோண்டா என்சி 750 எக்ஸ், 2021 மாடல், செகண்ட் ஹேண்ட். 58 குதிரைத்திறன். சீட் 80 சென்டிமீட்டர். 214 கிலோ, என் எல்லைக்குள்ள ஒரு கிலோ மிச்சம். அதோட இன்ஜின் முன்பக்கமா படுத்தாப்ல இருக்கும், பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில. அதனால கனம் முழுக்கக் கீழ. வழக்கமா டேங்க் இருக்கிற இடத்துல ஒரு ஹெல்மெட் வைக்கிற அளவுக்குப் பெட்டி. 14 லிட்டர்தான் டேங்க், ஆனா நூறு கிலோமீட்டருக்கு நாலு லிட்டர்கூட ஆகாது. நண்பர்கள் இதைப் பெரிய ஸ்கூட்டின்னு கூப்பிடுறாங்க. கூப்பிடட்டும்.

இதை நீங்களும் வாங்குங்கன்னு சொல்லலை. ஆறடி ஆளுக்கு இதுல முட்டி மடங்கி வலிக்கலாம். நோட்டுல உங்க பதில் வேறயா இருந்தா வண்டியும் வேறதான்.

வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை பண்ணுங்க. ஒண்ணு, மனசுல இருக்கிற வண்டியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து 300 கிலோமீட்டர் ஓட்டுங்க. நூறு யூரோவுக்கு மேல ஆகும், வலிக்கும். பத்து நிமிஷ டெஸ்ட் ரைடுல எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். மூணாவது மணி நேரத்துல மணிக்கட்டும் முட்டியும் இடுப்பும் உண்மையைச் சொல்லும். ரெண்டு, செகண்ட் ஹேண்ட்னா டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும், அதைப் படிங்க. 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. பள்ளம் நல்லா இருந்தாலும் ஏழெட்டு வருஷ டயர் கல்லு மாதிரி இறுகியிருக்கும். முன்பக்க ஃபோர்க்ல எண்ணெய்க் கசிவு, செயின் தளர்ச்சி, சர்வீஸ் புத்தகம் எல்லாம் பாருங்க. எழுத்துல ஒப்பந்தம் போடுங்க.

பட்ஜெட் 8,000-ன்னா வண்டிக்கு 6,500-க்கு மேல போகாதீங்க. மிச்சம் ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பேண்ட், கணுக்காலை மூடுற பூட்ஸ். ஹெல்மெட்டுல ஈசிஇ 22.06 முத்திரையைப் பாருங்க. ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சிக்கும் காசு ஒதுக்குங்க. நான் எடுத்த பயிற்சியில பாதி நேரம் மெதுவா திரும்புறதும் நிறுத்துறதும்தான்.

2023 ஜூலையில நாங்க ரெண்டு பேரும் ஸ்டெல்வியோ கிளம்பினோம். ராய்ட்ட, ஃபெர்ன் கணவாய், லாண்டெக், ரெஷன் கணவாய். அங்க 1950-ல அணைக்காக ஒரு ஊரையே தண்ணிக்குள்ள விட்டிருக்காங்க, ஏரி நடுவுல தேவாலயக் கோபுரம் மட்டும் நிக்குது. அதைத் தாண்டி இறங்கினா பிராட்னு ஒரு ஊர். அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் ஏத்தம், 48 கொண்டை ஊசி வளைவு, உச்சி 2,757 மீட்டர்.

மேல போகப் போக வளைவு இறுகிக்கிட்டே வருது. ஒரு வலது வளைவுல நாங்க பாதி திரும்பியிருக்கோம், மேல இருந்து ஒரு கேம்பர் வேன் முழு ரோட்டையும் எடுத்துக்கிட்டு இறங்குது. நிறுத்தியே ஆகணும். ஏத்தம், பாதி சாய்வு, பின்னாடி ஆள், ரெண்டு பெட்டி. மனைவியோட கை என் இடுப்பை இறுக்குறது தெரிஞ்சுது. மும்மல்சே பார்க்கிங் கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு. பின் பிரேக்கை மிதிச்சு, இடது காலை வெச்சேன். கால் தரையில இருந்தது. வேன் போச்சு. ஓட்டினவர் கையைத் தூக்கி நன்றி சொன்னார். கிளட்சை விட்டு மறுபடி கிளம்பினோம். அவ்வளவுதான் நடந்தது. வீடியோல போட்டா யாரும் பார்க்க மாட்டாங்க. ஆனா நான் ஒரு வருஷம் உழைச்சது அந்த மூணு செகண்டுக்குத்தான்.

உச்சியில நின்னு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். வண்டியைக் காட்டினேன். போன வருஷம் விழுந்ததையும் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எனக்கு அப்பவே சந்தேகம்டா. ஆறு வாரமா ஒரே நாற்காலியில உக்காந்து பேசின. தண்ணிகூட அவதான் கொண்டாந்து குடுத்தா. எதுவோ மறைக்கிறேன்னு தெரியும், நீயா சொல்லட்டும்னு இருந்தேன்"னாங்க. மனைவி போனை வாங்கி அரை மணி நேரம் என்னைப் பத்திக் குறை சொன்னா. ரோமிங் டேட்டா அத்தோட காலி.

சரி மக்களே. நோட்டு எடுத்து ஆறு பதிலையும் எழுதுங்க. வண்டி பேர் எழுதாம உங்க கால் அளவு, எடை, யார் பின்னாடி உட்காரப் போறாங்க, எந்த ரோடு, எவ்வளவு காசு, நவம்பர்ல வண்டி எங்க நிக்கும்னு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அஞ்சு பேரோட நோட்டை எடுத்துப் பேசுவோம். ஏற்கெனவே பெரிய வண்டி வாங்கிட்டவங்க பயப்பட வேண்டாம், இந்த வாரம் காலியான ஒரு பார்க்கிங்ல போய் மெதுவா திரும்பி நிறுத்திப் பழகுங்க. பூட்ஸ் போட்டுட்டுப் போங்க. வர்றேன், வணக்கம்.